கைவிட்ட கயிறு

வெனிஸ் விமான நிலையத்துப் படகுத்துறையில் அன்று மதியத்துக்கு மேல் ஒரு படகும் அசையவில்லை. காலையில் மெல்லிய திரையாக இருந்த மூடுபனி, சாப்பாட்டு வேளைக்குப் பிறகு காயலின் மேல் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மரப்பாலத்தின் இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியவில்லை. பெரிய பயணிகள் படகுகளை நிறுத்திவிட்டார்கள். ரேடார் உள்ள டாக்ஸிப் படகுகள் மட்டும் அவரவர் பொறுப்பில் மெதுவாகப் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. அவரவர் பொறுப்பில் என்றதும் டாக்ஸிப் படகு ஓட்டுகிற எங்கள் எல்லோருக்கும் காப்பி குடிக்க வேண்டும் போலாகிவிட்டது.

ஒர்னெல்லா பூஸெத்தோவும் காப்பி குடித்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் துறையில் சுக்கான் பிடிக்கிற பெண்கள் மிகக் குறைவு. அவர்களில் இவளைச் சீண்டத்தான் எல்லோருக்கும் ஆசை. வாங்கியதைச் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாள்.

"என்ன ஒர்னெல்லா, பனியப் பாத்து நடுங்குறியா? என் படகு பின்னாலயே வா. கையப் புடிச்சு வெனிஸ் கொண்டுபோய் விடறேன்," என்றான் கஸ்தோனே.

"உன் கையப் புடிச்சா நேரா கல்லறைத் தீவுலதான் கொண்டுபோய் இறக்குவ. போன வருஷம் நல்ல வெயில்லயே சேத்துத்திட்டுல ஏத்திட்டு நின்ன ஆளுதானே நீ?"

எல்லோரும் சிரித்தோம். கஸ்தோனேயும் சிரித்தான்.

அப்போதுதான் அந்தத் தம்பதி வந்தார்கள். கணவர் அல்ஃபியோ, தெற்கே கத்தானியா நகரத்தில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். அகன்ற தோள், தடித்த கழுத்து, இரண்டு பெட்டிகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி நுன்சியா கட்டையான உருவம். ஒரு பலகாரப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். காலையில்தான் வாழ்க்கையில் முதல் முறையாக விமானத்தில் ஏறியிருக்கிறாள். அந்த வெளுப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. மறுநாள் அவர்கள் மகள் ரேனாத்தாவுக்கு வெனிஸில் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் ஊர்ப் பையன். நகரத்தின் கன்னாரேஜோ பகுதியில் ஒரு குறுகிய கால்வாய் மேல் இருக்கும் சின்ன ஹோட்டலில் இவர்களுக்கு அறை போட்டிருந்தார்கள். அந்த ஹோட்டல்காரி ஒர்னெல்லாவின் பள்ளித் தோழி. அவள்தான் டாக்ஸிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் ஐயா. பனி விலகட்டும்," என்றாள் ஒர்னெல்லா.

"எப்ப விலகும்?"

அவள் வானத்தைப் பார்த்தாள். வானம் என்று ஒன்று இல்லை. "சொல்ல முடியாது."

"பொறுத்திருந்தா இருட்டும் சேந்துக்கும். அப்ப மட்டும் எப்படிப் போவ?" என்றார் அல்ஃபியோ. அது சரியான கேள்விதான். டிசம்பர் மாதம் எங்கள் ஊரில் பொழுது சீக்கிரம் சாயும். கரையிலிருந்து நகரத்துக்குப் போகும் நீண்ட பாலத்து வழியாக பஸ்ஸில் போனாலும் இறங்கிய இடத்திலிருந்து ஹோட்டலுக்கு எத்தனையோ படிக்கட்டுப் பாலங்கள் ஏறி இறங்க வேண்டும். நுன்சியாவின் முழங்கால்கள் அதற்குச் சம்மதிக்காது.

ஒர்னெல்லா காப்பிக் கோப்பையை வைத்தாள். "சரி, வாங்க. ஆனா மெதுவாத்தான் போவேன். அவசரப்படுத்தக் கூடாது."

"நீ ஓட்டும்மா. எங்களுக்கு என்ன அவசரம்?"

படகில் இறங்கும்போது நுன்சியா துறையின் கம்பத்தை விடவே இல்லை. ஒரு கையில் பலகாரப் பெட்டி, இன்னொரு கையில் கம்பம். "எனக்கு நீச்சல் தெரியாது கண்ணு," என்றாள் ஒர்னெல்லாவிடம், மன்னிப்புக் கேட்பது போல.

"நீச்சல் எதுக்கும்மா? காயல்ல பாதி இடத்துல இடுப்பளவு தண்ணிதான். விழுந்தா எழுந்து நின்னுக்கலாம்." எல்லாப் பயணிகளிடமும் நாங்கள் சொல்கிற வேடிக்கை அது.

"மீதிப் பாதி இடத்துல?" என்று கேட்டாள் நுன்சியா.

ஒர்னெல்லா சிரித்துவிட்டு என்ஜினைக் கிளப்பினாள்.

துறையை விட்டு வெளியே வந்ததுமே உலகம் மறைந்துவிட்டது. எங்கள் காயலில் வழி என்பது ஒரு பள்ளம்தான். படகு போகிற அளவுக்கு ஆழமாகத் தோண்டிய ஒரு நீர்ச்சாலை. அதன் ஓரமாக மும்மூன்று மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டி நட்ட வழிக்கம்பங்கள் வரிசையாக நிற்கும். கம்பத்துக்கு ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் சேறு. நல்ல நாளில் அந்தக் கம்பங்கள் கண்ணுக்கெட்டிய வரை தெரியும். அன்று ஒரு கம்பம் மறைந்த பிறகு அடுத்தது தெரிய வெகுநேரம் பிடித்தது. வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று முளைக்கும், பக்கத்தில் நகர்ந்து போகும், மறுபடி வெள்ளை.

ஒர்னெல்லா ஒரு கண் ரேடாரிலும் ஒரு கண் வெளியிலுமாக நின்றாள். படகின் அறைக்குள் உட்காரப் பிடிக்காமல் அல்ஃபியோ அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அறைக்குள் நுன்சியா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள என்ன பண்றாங்க?" என்று கேட்டாள் ஒர்னெல்லா.

"ஆகத்தம்மாளக் கூப்பிடறா. வீட்டுல பாத்திரம் விழுந்தாக்கூடக் கூப்பிடுவா. எங்க ஊர்ப் புனிதைக்கு இவளால ஒரு நாள் ஓய்வு கிடையாது." உள்ளே குனிந்து, "ஏய் நுன்சியா, தூங்குடி! இந்தப் பொண்ணு பாத்துக்கும்!" என்றார்.

"நீங்க வாய மூடிட்டு வந்து உட்காருங்க. அவ வேலையப் பாக்க விடுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பாதி வழி வந்திருப்பார்கள். படகுக்கு அடியில் ஏதோ பொத்தென்று இடித்தது. என்ஜின் ஒரு மாதிரி இருமி, இறுகி, நின்றுவிட்டது. ஒர்னெல்லா சாவியைத் திருப்பினாள். கிளம்பவில்லை. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். நீல நிறத்தில் பெரிய தார்ப்பாய் ஒன்று, எந்தக் கட்டட வேலையிடத்திலிருந்து காற்றில் பறந்து வந்ததோ, என்ஜின் விசிறியில் சுற்றி இறுகிக் கிடந்தது.

படகு தன் வேகத்திலேயே சாய்ந்து ஒரு வழிக்கம்பத்தின் பக்கம் போனது. அவள் கயிற்றைக் கம்பத்தில் சுற்றி இழுத்து நிறுத்தினாள். ரேடியோவில் கஸ்தோனேயைக் கூப்பிட்டாள்.

"விசிறில தார்ப்பாய் மாட்டிக்கிச்சுடா. கம்பத்துல கட்டி நிக்கறேன்."

"அப்படியே நில்லு. அசையாத. நான் கிளம்பி வர்றேன்," என்றான் கஸ்தோனே. இந்த முறை குரலில் கேலி இல்லை.

அவன் வரும் வரை சும்மா நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அந்தப் பனியில், வழியின் ஓரத்தில், என்ஜின் செத்த படகில் நிற்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பின்னாலிருந்து யார் வந்தாலும் பார்க்க மாட்டார்கள். இடித்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒர்னெல்லாவின் முதுகு கூசியது. தார்ப்பாயை அறுத்துவிட்டால் போய்விடலாம் என்று நினைத்தாள். கத்தியைத் துரட்டிக் கம்பில் கட்டினாள். படகு கம்பத்தில் மோதி மோதிப் பின்பக்கம் ஆடியது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால்தான் விசிறிக்குக் கை எட்டும்.

"ஐயா, இந்தக் கயித்தப் புடிங்க. நான் சொல்றப்ப ஒரு முழம் விடுங்க. போதும்னதும் இறுக்கிப் புடிச்சுக்கோங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க."

"எங்கிட்ட சொல்றியா? முரட்டுக் காளைய ஒத்த ஆளா இழுத்து நிறுத்தின கைம்மா இது," என்றார் அல்ஃபியோ. கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் பின்பக்கம் குப்புறப் படுத்து, இடுப்புவரை வெளியே நீட்டி அறுக்க ஆரம்பித்தாள். பாதி அறுத்துவிட்டாள். அப்போது வழியின் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு படகு பெரும் வேகத்தில் கடந்து போனது. அந்தப் பனியில் அப்படி ஓட்டியது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சத்தம் வந்தது, போயிற்று. பிறகு அலை வந்தது. முதல் அலையில் படகின் பின்பக்கம் தூக்கியது. இரண்டாவது அலையில் ஒர்னெல்லா தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனாள்.

டிசம்பர் தண்ணீர். உடம்பைச் சுற்றி யாரோ இரும்புப் பட்டை போட்டு இறுக்கியது போல இருந்தது. மூச்சை இழுக்க முடியவில்லை. மேலே வந்தபோது கைக்கு அகப்பட்டது வழிக்கம்பம். கட்டிப்பிடித்தாள். மரத்தில் ஒட்டியிருந்த மட்டிகள் உள்ளங்கையைக் கிழித்தன. அது அப்போது வலிக்கவில்லை. கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் நகர்ந்தாள். கால் சேற்றில் பட்டது. தண்ணீர் மார்பளவு இருந்தது.

"ஐயா! கயித்த இழுங்க! படகக் கிட்ட கொண்டு வாங்க!"

நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தில் கயிறு இல்லை. அது வழவழவென்று நீரில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. கடல் வாங்குகிற நேரம். வற்றம் படகை மெல்லத் திருப்பி, வழியின் நடுப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மேல்தட்டில் அல்ஃபியோ இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றார். கைகள் விரிந்து காலியாக இருந்தன. அவர் வாய் அசைந்தது. பிறகு பனி அவரை மூடியது. படகின் விளக்கு கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்து, அதுவும் கரைந்துபோனது.

ஒர்னெல்லா அந்தக் காயலில் பிறந்து வளர்ந்தவள். அந்தத் தண்ணீரைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை. இப்போது பயம் காலிலிருந்து ஏறியது. சேறு கணுக்காலைத் தாண்டி உள்ளே வாங்கியது. ஒரு காலைத் தூக்கினால் மற்றது இன்னும் ஆழமாகப் போனது. பூட்ஸ் ஒன்று கழன்று சேற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. கம்பத்தை விட்டால் எந்தப் பக்கம் நடப்பது? எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை.

தூரத்தில் நுன்சியா அலறுவது கேட்டது. பிறகு அல்ஃபியோவின் குரல். "பொண்ணே! எங்க இருக்க?"

"இங்க! கம்பத்துல! நங்கூரத்தப் போடுங்க! முன்னாடி ஒரு மூடி இருக்கு, அதத் திறங்க!"

"என்ன? என்ன மூடி?"

குரல் தேய்ந்துகொண்டே போனது.

அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. விமான நிலையப் பக்கமிருந்து, கனமான, சோம்பலான என்ஜின் சத்தம். சரக்குப் படகு. அது கிட்டே வரவர ஒர்னெல்லா தொண்டை கிழியக் கத்தினாள். மரத்தில் தலையை முட்டியபடி கத்தினாள். கறுத்த மதில் போல ஒரு பக்கச் சுவர் பனிக்குள் நகர்ந்து போனது. கையை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. ஓட்டுகிறவனின் காதில் அவன் என்ஜின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் விழவில்லை. அது போய்விட்டது. அதன் அலை அவள் முகத்துக்கு மேல் ஏறி இறங்கியது.

இருமித் துப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சரக்குப் படகு போகிற திசையில்தான், வழியின் குறுக்கே, அவள் டாக்ஸி மிதந்துகொண்டிருக்கிறது. இரும்பு அடித்த முனையோடு வருகிற அத்தனை கனம் அந்த மெல்லிய மரப் படகின் மேல் ஏறினால் முட்டை ஓடு போல நொறுங்கும். உள்ளே நீச்சல் தெரியாத ஒருத்தி இருக்கிறாள்.

"ஹார்ன்! ஹார்ன் அடிங்க! சுக்கான் பக்கத்துல செவப்புப் பொத்தான்! செவப்பு! செவப்பு!"

ஒன்றும் கேட்கவில்லை. என்ஜின் சத்தம் தூரம் போய்க்கொண்டே இருந்தது. ஒர்னெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். மரம் உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே நீளமாக, நிற்காமல். அழுத்திய கை எடுக்கவே இல்லை. உடனே சரக்குப் படகின் என்ஜின் திணறிப் பின்னோக்கி உறுமியது. யாரோ ஊரிலுள்ள எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் சேர்த்துத் திட்டினார்கள். மரத்தோடு மரம் உரசும் நீண்ட சத்தம். பிறகு ஹார்ன் மட்டும்.

அந்தப் பக்கம் நடந்ததை நாங்கள் தூல்லியோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சரக்குப் படகை ஓட்டிவந்தவன் அவன்தான். கரைப்பக்கச் சலவை ஆலையிலிருந்து வெனிஸ் ஹோட்டல்களுக்கு வெளுத்த விரிப்பும் துண்டும் கொண்டுபோவது அவன் வேலை. டாக்ஸியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றதும் எட்டிப் பார்த்தான். சுக்கான் பக்கத்தில் ஒரு குண்டுப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஆள் படகின் தரையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! கைய எடும்மா! நான் நின்னுட்டேன்!" என்று கத்தினான் தூல்லியோ. "ஓட்டுறவன் எங்க?"

"ஓட்டுறவ! பொண்ணு! தண்ணில விழுந்துட்டா. கம்பத்துக்கிட்ட!" என்றாள் நுன்சியா.

"எந்தக் கம்பம்?"

எங்கள் காயலில் எல்லாக் கம்பமும் ஒன்று போலத்தான் இருக்கும்.

தூல்லியோ டாக்ஸியைத் தன் படகோடு சேர்த்துக் கட்டினான். ரேடியோவில் சேதி சொல்லிவிட்டு, படகைத் திருப்பி, கம்பம் கம்பமாகத் தேடி வந்தான். பனியில் விளக்கை அடித்தால் வெளிச்சம் ஒரு வெள்ளைச் சுவராகி அவன் கண்ணுக்கே திரும்பி வந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

ஒர்னெல்லாவுக்கு அவர்கள் கூப்பிடுவது கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அத்தனை நேரம் கத்தியதில் தொண்டை போயிருந்தது. குளிரில் தாடை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. விரல்கள் மரத்தைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். படகுகள் வழியின் அந்தப் பக்கமாகப் போயின. கூப்பிடும் குரல் அவளைத் தாண்டியது. தாண்டிப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அப்போது வந்த பயம் வேறு மாதிரி. அலறுகிற பயம் இல்லை. அமைதியாக வந்து பக்கத்தில் நின்றது. கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று அது சொல்லியது. கையை விட்டால் வலியும் இருக்காது என்று சொல்லியது. நடுக்கம் குறைந்துகொண்டு வந்தது. நடுக்கம் நிற்பது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நன்றாக இருந்தது.

அந்தப் பக்கம் நுன்சியா தூல்லியோவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ஜின நிறுத்துப்பா."

"நிறுத்தினா தண்ணி நம்மள இழுத்துட்டுப் போயிரும்மா."

"நிறுத்துடா! இந்த இரைச்சல்ல என் சத்தமே எனக்குக் கேக்கல. அவ சத்தம் எப்படிக் கேக்கும்?"

நிறுத்தினான்.

அந்த அமைதி ஒர்னெல்லாவை எழுப்பியது. என்ஜின் சத்தம் நின்றதை அவர்கள் போய்விட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். பிறகு யாரோ பேசும் குரல் தெளிவாகக் கேட்டது. நெருக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவளிடம் குரல் இல்லை. கை ஒன்றை மரத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தண்ணீரில் அடித்தாள். பலகை போல விழுந்தது கை. மறுபடி அடித்தாள். மறுபடி.

"அது என்ன?" என்றாள் நுன்சியா.

"மீனும்மா. இங்க துள்ளும்."

"மீனா? மீன் ஒரே எடத்துலயா துள்ளும்? கேளு. கேளுப்பா. இப்ப பாரு, மறுபடி."

தூல்லியோ காது கொடுத்தான். பிறகு நீண்ட துடுப்பை எடுத்து, என்ஜின் போடாமலே படகைத் தள்ளினான்.

அவளைத் தூக்கியதில் அல்ஃபியோதான் பெரும்பங்கு. தூல்லியோ அக்குளில் கைகொடுக்க, அவர் வயிறு நசுங்கப் படுத்து, இரண்டு கையாலும் அவள் இடுப்புவாரைப் பிடித்து, சேற்றிலிருந்து பிடுங்குவது போல இழுத்து மேலே போட்டார். அப்போது அவர் விசும்பிக்கொண்டிருந்தார் என்று தூல்லியோ பிறகு எங்களிடம் சொன்னான். ஈர உடுப்பைக் களைந்து, சலவை மூட்டைகளை அவிழ்த்து, ஏதோ ஒரு ஹோட்டலுக்குப் போக வேண்டிய வெள்ளை விரிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒர்னெல்லாவுக்குச் சுற்றினாள் நுன்சியா. துண்டுகளால் தலையைத் துவட்டினாள். பிறகு அந்த மூட்டையையே கட்டிப்பிடித்துக்கொண்டு, தன் உடம்புச் சூட்டைக் கொடுத்தபடி படுத்தாள்.

"தூங்காத கண்ணு. பேசு. உன் பேர் சொல்லு. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? என் பொண்ணுக்கு நாளைக்கு. ஏய், கண்ணத் தொற. திட்டவாவது செய்."

"உங்களுக்கு... ரொம்ப வாய்," என்றாள் ஒர்னெல்லா. நுன்சியா அழுதுகொண்டே சிரித்தாள்.

கொஞ்ச தூரத்தில் கஸ்தோனே எதிர்ப்பட்டான். ரேடாரை வைத்துக்கொண்டு அவன் முன்னால் போக, தூல்லியோ டாக்ஸியையும் கட்டி இழுத்துக்கொண்டு பின்னால் போனான். கல்லறைத் தீவின் மதில் பனிக்குள்ளிருந்து எழுந்து பக்கத்தில் ஓடியபோது நுன்சியா அதைப் பார்த்தாள். என்ன தீவு என்று கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒர்னெல்லாவின் தலையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நகரத்துக் கால்வாய்க்குள் நுழைந்ததும் இரு பக்கமும் ஜன்னல் வெளிச்சங்கள் வந்தன. யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கும் வாசனை.

ஹோட்டலின் நீர்வாசலில் ஒர்னெல்லாவின் தோழியும் மணப்பெண் ரேனாத்தாவும் நின்றிருந்தார்கள். ஒர்னெல்லாவை மேலே ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ் படகில் ஒரு டாக்டர் வந்து பார்த்தார். உடம்புச் சூடு ஏறுகிறது, ஆபத்தில்லை என்றார். கைகளில் தையல் போட்டார். மட்டி கிழித்த காயங்கள் அப்போதுதான் வலிக்கத் தொடங்கின.

ரேனாத்தா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "என்னப்பா ஆச்சு? படகு எப்படி அவுந்துச்சு?"

அல்ஃபியோ ஒரு கணம் தரையைப் பார்த்தார். "அலை... பெரிய அலைம்மா. கயித்தப் புடுங்கிட்டுப் போயிருச்சு."

நுன்சியா கணவனைப் பார்த்தாள். பிறகு ஒர்னெல்லாவைப் பார்த்தாள். அறையில் எல்லோரும் ஒர்னெல்லாவைத்தான் பார்த்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து அவள், "ஆமா. பெரிய அலை. யார் கையிலயும் நின்னிருக்காது," என்றாள்.

மற்றவர்கள் காப்பிக்கும் சூப்புக்கும் கீழே போன பிறகு அல்ஃபியோ மட்டும் திரும்பி வந்து கதவருகே நின்றார்.

"அலை புடுங்கல," என்றார்.

"தெரியும்."

"நீ விழுந்தத பாத்தேன். கை தானா திறந்துக்கிச்சு. நான் திறக்கல. நெஜமா நான் திறக்கல. பயத்துல... ஒரு நிமிஷம் எனக்குக் கையே இல்ல."

ஒர்னெல்லா கோபப்பட முயன்றாள். சேற்றில் நின்றபோது அவரை மனதுக்குள் திட்டியது ஞாபகம் வந்தது. ஆனால் கூடவே, பக்கத்தில் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் திறந்தபடி கிடந்த தன் வாயும் ஞாபகம் வந்தது.

"எனக்கும் குரல் இல்லாமப் போச்சு ஐயா," என்றாள். "போய்ச் சாப்பிடுங்க. நாளைக்குக் கல்யாணம்."

கல்யாணம் நடந்தது. பனியில்தான் நடந்தது. ஒர்னெல்லா போகவில்லை. வீட்டில் கிடந்தாள். நுன்சியா பலகாரம் கொடுத்தனுப்பினாள். பெட்டியின் ஒரு மூலையில் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியிருந்தாள். ஊருக்குத் திரும்பும்போது அவள் எந்த வழியில் விமான நிலையம் போனாள் என்று எனக்குத் தெரியாது. படகில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கையில் தையல் பிரித்த பிறகு ஒர்னெல்லா துறைக்கு வந்தாள். படகைப் பழுது பார்த்து வைத்திருந்தோம். ஓரத்துச் சுரண்டலை மறைத்து வார்னிஷ் அடித்தது கஸ்தோனே. அவள் உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். என்ஜினைப் போட்டாள், அணைத்தாள். கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் ஏறி வந்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். கஸ்தோனே ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காப்பி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

பிறகொரு நாள், காயல் முழுக்க வெயில் அடிக்கிற ஒரு காலையில், ஜெனோவாவிலிருந்து வந்த ஒரு வியாபாரியை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மனிதர் நன்றாகப் பேசுகிறவர். ஊரைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, தான் தங்கப்போகிற ஹோட்டலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒர்னெல்லாவும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தக் கம்பம் வந்தது. மற்ற எல்லாக் கம்பங்களையும் போலத்தான் இருந்தது, மேலே ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தது. ஆனால் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஹோட்டலில் காலைச் சாப்பாடு எத்தனை மணி வரை என்று வியாபாரி கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள்.

"என்னம்மா, காது கேக்கலையா?" என்றார் அவர்.

கம்பம் பின்னால் போய், சின்னதாகி, மற்ற கம்பங்களோடு கலந்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

"கேட்டுச்சு ஐயா," என்றாள். "பத்து மணி வரைக்கும் உண்டு."